ஜமீன் வீட்டுக் கல்யாணமும் வெளியூர் விருந்தாளிகளும்: உங்கள் அனுபவம் என்ன?

முக்கூடல்காரன்

அண்ணன் மகள் கல்யாணம் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அன்று விடிகாலையில் வந்த ஒரு போன் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

இடம் பாபநாசம் பக்கத்தில் ஒரு பழைய ஜமீன் வீடு. அப்படிப்பட்ட வீட்டை இங்கே உள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முன்பக்கம் தாழ்வாரமாகத் தார்சா, உள்ளே கூடமாகப் பட்டாசல், நடுவே வானவெளி, கையிரண்டும் சேராத தேக்குத் தூண்கள். அண்ணன் பெங்களூரில் குடியேறி நாற்பது வருடம். மகள் கல்யாணம் ஊரில்தான் என்று பிடிவாதமாக நின்றான். வெளியூர் ஆட்கள் 70 பேர். அவர்களுக்கு டிக்கெட், அறை, வேன் எல்லாம் என் பொறுப்பு. 69 பேர் பிசகில்லாமல் வந்து சேர்ந்தார்கள்.

எழுபதாவது ஆள் பெண்ணின் வயலின் வாத்தியார். எட்டு வயதிலிருந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. “உங்களுக்கு ஏன் சிரமம் தம்பி, என் டிக்கெட்டை நானே எடுத்துக்கொள்கிறேன்” என்றார். நானும் விட்டுவிட்டேன்.

கல்யாணத்தன்று காலை ஐந்தரை மணி இருக்கும். “பாபநாசம் ஸ்டேஷனில் இறங்கிவிட்டேன். வெளியே ஒரு ஆட்டோதான் நிற்கிறது. உங்கள் வேன் எந்தப் பக்கம் நிற்கிறது?” என்று கேட்டார்.

நம் நெல்லைப் பக்கத்துப் பாபநாசத்தில் ஏது ஸ்டேஷன்? அவர் இறங்கியது கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் இருக்கும் பாபநாசத்தில். 300 கிலோமீட்டருக்கு மேல். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். நான் விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. ஒரு ரயில் கிளம்பிப் போகும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு, “பரவாயில்லை தம்பி. இங்கேயும் சிவன்தான் இருக்கிறார். பிள்ளைகள் இருவருடைய நட்சத்திரத்தையும் சொல்லுங்கள்” என்றார். அங்கே நூற்றெட்டு லிங்கங்கள் உள்ள கோயில் இருக்கிறது. அங்கே போய் அர்ச்சனை செய்திருக்கிறார். நான்காம் நாள் தபாலில் விபூதிப் பொட்டலம் வந்தது. மேலே இரண்டு பெயர், இரண்டு நட்சத்திரம், நடுங்கும் கையெழுத்தில்.

மணவறைக்குப் போகும்போது பெண் என் கையைப் பிடித்து, “வாத்தியார் வந்துவிட்டாரா சித்தப்பா?” என்று கேட்டாள். “வந்துகொண்டே இருக்கிறார் அம்மா” என்றேன். தாலி கட்டும் நேரம்வரை அவள் கண் தார்சாப் பக்கமே இருந்தது.

கல்லிடைப் பேத்தி

உங்கள் வாத்தியார் கதையைப் படித்ததும் எனக்குப் பெரிய அத்தை நினைவுதான் வந்தது. மும்பை மாட்டுங்காவில் இருப்பவர். எண்பது வயது, இரண்டு முழங்காலிலும் அறுவைச் சிகிச்சை. தம்பி கல்யாணத்துக்காக ஒன்றரை நாள் ரயிலில் உட்கார்ந்து வந்தார். எங்கள் வீட்டுக் கல்யாணமும் இப்படி ஒரு பழைய வீட்டில்தான். வீடு கண்கொள்ளாத அழகு. கழிப்பறை மட்டும் புறவாசலைத் தாண்டி, கிணற்றடிக்கு அப்பால், ஐந்து படி இறங்கி. அதுவும் குத்துக்கால் இட்டு உட்காருவது.

முந்தின நாள் மாலையிலிருந்து அத்தை பட்டாசலில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போவோர் வருவோர் எல்லாரிடமும் சிரித்த முகமாகப் பேசினார். காலையில் பூக்கூடையை எடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். நாற்காலிக்கு அடியில் வரிசையாக நான்கு டம்ளர். காப்பி ஏடு படிந்திருந்தது. மோரில் கறிவேப்பிலை மிதந்தது. தண்ணீர் வைத்தது வைத்தபடி. “என்ன அத்தை இது?” என்றேன். “குடித்தால் எழுந்து போக வேண்டுமே அம்மா” என்றார் மெதுவாக.

கெட்டிமேளம் கொட்டும்போது மயங்கிச் சாய்ந்துவிட்டார். அம்பாசமுத்திரத்துக்குக் கூட்டிப்போய் குளுக்கோஸ் ஏற்றினோம். தம்பி தாலி கட்டியதை அத்தையும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. கமோடு வைத்த நாற்காலி மருந்துக் கடையில் கிடைக்கும். அதை அரங்கு என்கிற உள்ளறையில் போட்டு ஒரு திரையைக் கட்டியிருந்தால் முடிந்திருக்கும் காரியம். மணவறை அலங்காரத்துக்கு மூன்று நாள் உட்கார்ந்து பேசினோம்.

ஜங்ஷன் அண்ணாச்சி

முக்கூடல்காரரே, வருத்தம் புரிகிறது. ஆனால் தவறு உங்கள் பக்கம்தான். “ரயிலில் வருவோர் அம்பாசமுத்திரத்தில் இறங்கவும்” என்று பத்திரிகையில் ஒரு வரி போட இடமா இல்லை? அந்தப் பெரியவர் படித்தவர், விவரமானவர். பத்திரிகையில் பாபநாசம் என்று இருந்தது, பாபநாசத்துக்கு டிக்கெட் எடுத்தார். அவரிடம் என்ன குறை?

என் கதை சின்னது. மைத்துனர் கல்யாணத்துக்கு வந்த ஒரு குடும்பத்தை “ஸ்டேஷனில் இறங்குங்கள்” என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவர்கள் செங்கோட்டை வண்டி ஏறி டவுன் ஸ்டேஷனில் இறங்கிவிட்டார்கள். நான் திருநெல்வேலி ஜங்ஷனில் கைக்குழந்தைக்குப் பாலும் கையுமாக ஒரு மணி நேரம் நின்றேன். குழந்தை அங்கே அழுதுகொண்டிருந்தது. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஐந்தாறு கல்யாணங்களுக்கு நானே முன்நின்று வண்டி ஏற்பாடு செய்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன். சென்னையிலிருந்து வருபவர்களில் வயதானவர்களை நெல்லை எக்ஸ்பிரஸில் போடுங்கள். இரவு ஏறினால் காலையில் ஜங்ஷன். வந்தே பாரத் 2023 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது, வேகம்தான். ஆனால் எழும்பூரில் பிற்பகல் கிளம்பி இங்கே வந்து சேர இரவு பத்தரை ஆகிவிடும். அதற்கு மேல் பாபநாசம் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். ஆகவே அன்று இரவு ஜங்ஷன் பக்கத்திலேயே லாட்ஜில் தங்கவைத்துவிடுங்கள். பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறுபவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அது விருதுநகர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குப் போகிற வண்டி, அம்பாசமுத்திரம் வராது. விமானம் என்றால் தூத்துக்குடி விமான நிலையம் வாகைக்குளத்தில் இருக்கிறது. நெல்லையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மதுரையில் இறங்கினால் அங்கிருந்து காரில் மூன்று மணி நேரம். பஸ்ஸில் வருபவர்களுக்குப் புதிய பஸ் நிலையம், அதாவது வேய்ந்தான்குளம், என்று தெளிவாக எழுதுங்கள். பாபநாசம் பஸ் அங்கிருந்துதான் கிளம்பும். ஜங்ஷனில் இறங்கி அங்கேயே காத்து நிற்பவர்கள் எத்தனையோ பேர்.

அறை விஷயம் இன்னும் முக்கியம். ஆனியில் முகூர்த்தம் வைத்தால் குற்றாலம் சீசன் தொடங்கிவிடும். கார்த்திகையில் வைத்தால் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். தென்காசிப் பக்கம் அறை கிடைக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். தேதி குறித்த மறுநாளே முன்பணம் கட்டுங்கள்.

இன்னொன்று. நகரத்துப் பிள்ளைகள் தாமிரபரணியைப் பார்த்ததும் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மேலே அணையிலிருந்து தண்ணீர் திறந்தால் இடுப்பளவு நிமிடத்தில் கழுத்தளவு ஆகும். படித்துறை தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவர் கூட இல்லாமல் அனுப்பாதீர்கள். காரையாறு போக வேண்டும் என்றும் கேட்பார்கள். அது 1988 முதல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். பாபநாசத்தில் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பிளாஸ்டிக் இருந்தால் எடுத்துவிடுவார்கள். பட்டுப்புடவையும் நகையுமாக அங்கே வரிசையில் நிற்க வைக்காதீர்கள்.

கல்லிடைப் பேத்தி சொன்ன கழிப்பறை விஷயத்தில், பழைய வீட்டு மின்கம்பியையும் சேர்த்துப் பாருங்கள். சீரியல் விளக்கு, ஏர் கூலர் எல்லாவற்றையும் அதே இணைப்பில் மாட்டினால் தாங்காது. ஜெனரேட்டர் தனியாக, புகை பட்டாசலுக்குள் வராத பக்கம் நிற்க வேண்டும்.

ஏரல் கரை

அண்ணாச்சி, நீங்கள் சொல்கிற ஏற்பாடு எல்லாவற்றையும் நான் செய்தேன். நேரம், வண்டி, பெட்டி எண், இருக்கை எண் எல்லாம் எழுதி ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தாள் கொடுத்தேன். 2023 கார்த்திகைக் கடைசியில் தங்கை கல்யாணம். முடிந்ததும் சென்னையிலிருந்து வந்த அத்தான் குடும்பம் கிளம்பத் தயாரானது. “இவ்வளவு தூரம் வந்துவிட்டு முருகனைப் பார்க்காமல் போவதா? ஞாயிறு திருச்செந்தூர் தரிசனம், இரவு அங்கேயே ரயில் ஏறிவிடலாம்” என்று சொல்லி டிக்கெட்டை மாற்றியவன் நான்.

அந்த ஞாயிறு டிசம்பர் 17. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. ஏறக்குறைய 800 பேர். தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப் போய் இரும்பு மட்டும் அந்தரத்தில் தொங்கிய படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பக்கத்தில் நின்ற ரயிலுக்குள் அத்தான், அக்கா, ஆறு வயது மருமகள்.

போன் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை பகல் முழுவதும் ஏரலில் எங்கள் வீட்டு மாடிப்படியில் தண்ணீர் எந்தப் படிவரை வந்திருக்கிறது என்று பார்ப்பதும், போனை அழுத்துவதுமாக இருந்தேன். ஒரே ஒருமுறை இணைப்பு கிடைத்தது. மருமகள் பேசினாள். “மாமா, புதுக்குடியில் இருந்து சோறு வந்தது. ஒரு ஆச்சி எனக்கு ஊட்டிவிட்டார்கள்.” அதோடு துண்டித்துவிட்டது. தங்கள் ஊரே தண்ணீரில் கிடந்தபோது தங்கள் அரிசியை எடுத்துப் பொங்கி எடுத்துவந்த ஜனங்கள் அவர்கள். மறுநாள்தான் மீட்புப் படையினர் எல்லாரையும் வெளியே கொண்டுவந்தார்கள்.

அத்தான் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தத் தாளை மருமகள் கையில் மடித்து வைத்தபடியே ரயிலில் இருந்தாளாம். “மாமா எழுதியிருக்கிறார், காலையில் எழும்பூர் வந்துவிடும்” என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

தவசிப்பிள்ளை மகன்

எல்லாரும் வருவதைப் பற்றியே பேசுகிறீர்கள். திரும்பிப் போகும் டிக்கெட்டையும் கேளுங்கள்.

அப்பா நாற்பது வருடம் கல்யாணச் சமையல் செய்தவர். மறுவீட்டுக்குச் சொதி, அதுதான் தேங்காய்ப்பால் குழம்பு, வைப்பதில் அவருக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் நல்ல பெயர். சொதி தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள். ஆனாலும் அதன் பாட்டைச் சொல்கிறேன். தேங்காயைத் துருவி மூன்று பால் பிழிய வேண்டும். மூன்றாம் பாலில் காய் வேக வேண்டும். முதல் பாலை இறக்கும் நேரத்தில்தான் ஊற்ற வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சம்பழம் அடுப்பை அணைத்த பிறகு. தேங்காய்ப்பால் செரிக்க வேண்டும் என்று இஞ்சித் துவையல் பக்கத்திலேயே இருக்கும். 200 பேர் என்றால் இரவு இரண்டு மணிக்குத் தேங்காய் உடைக்கத் தொடங்கினால்தான் பகல் பந்திக்குச் சரியாக இருக்கும்.

ஒரு பழைய வீட்டில் நடந்த கல்யாணம். மறுநாள் மறுவீடு, 200 பேர் என்று கணக்குக் கொடுத்தார்கள். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பும் துவையலும் வைத்தாயிற்று. வந்து உட்கார்ந்தவர்கள் எழுபது பேர்கூட இல்லை. வெளியூர்க்காரர்கள் எல்லாரும் காலை ரயிலுக்குப் போய்விட்டார்கள். எந்த வண்டியில் போகிறார்கள் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அடுக்களையில் சொல்லத்தான் யாருக்கும் தோன்றவில்லை. அப்பா கரண்டியோடு இரண்டாங்கட்டு நிலைப்படியில் வந்து நின்று, ஆள் இல்லாத இலைகளை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். பிறகு ஒவ்வொரு இலையாக அவரே மடித்தார். என்னை மடிக்க விடவில்லை.

ஜங்ஷன் அண்ணாச்சிக்கு ஒரு வார்த்தை. வயதில் மூத்தவர், மன்னிக்க வேண்டும். முக்கூடல்காரரைத் தவறு என்று அத்தனை வேகமாகச் சொல்லியிருக்க வேண்டாம். 69 பேரைச் சேர்த்தவருக்கு ஒருவரை விட்டது தெரியாதா?

ஜங்ஷன் அண்ணாச்சி

தம்பி சொன்னது சரி. வார்த்தை கடுமையாகிவிட்டது. ஆனால் அந்த ஒரு வரி பத்திரிகையில் இருந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை. இனிமேல் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்காகவாவது சொல்கிறேன்.

முக்கூடல்காரன்

அண்ணாச்சி, நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். பத்திரிகையில் இடம் இருந்ததா என்றீர்கள். இருந்தது. முதலில் அச்சகத்தார் சரிபார்க்கக் கொடுத்த தாளில் கடைசிப் பக்கத்தில் அந்த வரியும் இருந்தது. “ரயிலில் வருவோர் அம்பாசமுத்திரம் நிலையத்தில் இறங்கவும்.” நானே எழுதிக் கொடுத்ததுதான். பிறகு தாய்மாமன் வரிசையில் இரண்டு பெயர் விட்டுப்போய்விட்டது என்று மதினி வீட்டில் மனத்தாங்கல் வந்தது. பக்கத்தில் வேறு எதையும் நகர்த்த முடியாது என்றார் அச்சகத்துக்காரர். சிவப்பு மையால் அந்த வரியை அடித்துக் கொடுத்தது என் கைதான். வெளியூர்க்காரர்கள் எல்லாருக்கும் நான்தானே டிக்கெட் எடுக்கிறேன், இந்த வரி எதற்கு என்று அப்போது நினைத்தேன்.