வடக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை: குழந்தைகளோடு போன இடங்கள், சந்தித்த மனிதர்கள், சாப்பிட்ட சாப்பாடு

தண்டையார்பேட்டையிலிருந்து

எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் ஞாயிற்றுக்கிழமை என்றால் மகாபலிபுரம்தான். இங்கிருந்து கிளம்பி, பாரிமுனை, அடையாறு என்று ஊர் முழுவதையும் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொடுவதற்குள் என் பிள்ளைகள் இரண்டு முறை அழுது ஓய்ந்திருப்பார்கள். மகளுக்கு நாலரை வயது, மகனுக்கு ஒன்றரை. இந்த ஜனவரியில் வண்டியை வடக்கே திருப்பினோம். மணலி, மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏரிக்கு. எங்கள் வீட்டிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். வடசென்னையிலேயே பிறந்து வளர்ந்த நான் முப்பத்திரண்டு வயதில்தான் அந்த ஏரியை முதன்முதலாகப் பார்த்தேன். இத்தனை நாள் விட்டுவிட்டோமே என்று உண்மையிலேயே வருத்தப்பட்டேன்.

காலை ஆறரைக்கே கிளம்பியதற்குக் காரணம் லாரிகள். வெயில் ஏறினால் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் போகும் கண்டெய்னர் வண்டிகளுக்கு நடுவில் சிக்கிக்கொள்வோம். மணலி தாண்டும் வரை கண்ணாடியை இறக்கவே இல்லை. மீஞ்சூருக்கு அப்பால் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, மாமியார் கட்டிக் கொடுத்த இட்லியைப் பிரித்தோம். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி இரவே வாழை இலையில் கட்டியது. பிள்ளைகளுக்கு மட்டும் பொடி இல்லாமல் நெய் தடவியது. வீட்டில் ஒரு இட்லிக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும் என் மகள் அங்கே நின்றபடியே இரண்டு சாப்பிட்டாள்.

பழவேற்காட்டுப் பாலத்தில் வண்டியை ஓரம் கட்டினோம். பூநாரைகள் தூரத்தில் நின்றன. தண்ணீரின் மேல் யாரோ வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டதுபோல் இருந்தது. வீச்சு வலையை உதறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் மகளைப் பார்த்து, "அந்தப் பறவை தலையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டுதான் சாப்பிடும், தெரியுமா?" என்று கேட்டார். அவளால் நம்ப முடியவில்லை. என் வீட்டுக்காரர் தொலைநோக்கியைப் பிடித்துக் காட்டினார். உண்மைதான், அலகின் மேற்பக்கம் கீழே வருகிற மாதிரி தலையைத் திருப்பிச் சேற்றுத் தண்ணீரை அரிக்கிறது. அதன் நிறமே அது தின்னும் பாசியிலிருந்தும் சிற்றுயிர்களிலிருந்தும் வருவதுதான், குஞ்சாக இருக்கும்போது சாம்பல் நிறமாகத்தான் இருக்கும் என்று நான் சொன்னேன். மிச்சமிருந்த ஒரு இட்லியைக் கேட்டு வாங்கி, தலையைக் குனிந்துகொண்டே தின்று முடித்தாள்.

இனி நண்டு. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஏரிக்கரையில் மீன் விற்கிற இடத்தில் ஓர் அக்கா, கொடுக்குகளைக் கயிற்றால் கட்டிய சேற்று நண்டுகளை ஈரச் சாக்கின்மேல் பரப்பி வைத்திருந்தார். நான் பெரியதாகப் பார்த்து ஒன்றைக் கை காட்டினேன். அவர் அதை எடுத்து, அடிப்பக்க ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். லேசாக உள்ளே போனது. "இது வேண்டாம், தண்ணீர்தான் இருக்கும்" என்று தள்ளி வைத்துவிட்டு, சிறியதாக இருந்தாலும் கல்போல் அழுந்தாத நான்கை எடுத்துக் கொடுத்தார். பிறகு என் மகளைக் கிட்டே கூப்பிட்டு இரண்டு நண்டுகளை மல்லாத்திக் காட்டினார். வயிற்று மடிப்பு முக்கோணமாக ஒடுங்கியிருந்தால் ஆண், அகலமாக வட்டமாக இருந்தால் பெண். "முட்டையை அதற்குள்தான் வைத்துக் காப்பாற்றும் பாப்பா" என்றார். பத்து நிமிடத்தில் அந்தச் சாக்கில் இருந்த அத்தனை நண்டையும் என் மகள் ஆண், பெண் என்று பிரித்துச் சொன்னாள். ஒன்றில்கூடத் தவறவில்லை.

எங்கே சமைக்கக் கொடுக்கலாம் என்று கேட்டதற்கு, "என் வீட்டுக்கே வாருங்கள்" என்றார். கூலியும் மசாலாச் செலவும் தனியாகப் பேசிக்கொண்டோம். மிளகு, சீரகம், பூண்டை அம்மியில் தட்டி, சின்ன வெங்காயம் வதக்கி, புளியைக் கொஞ்சமாகக் கரைத்து விட்ட குழம்பு. காரம் சேர்க்கும் முன்பே, மஞ்சளும் உப்பும் போட்டு வெந்த ஒரு நண்டை அவராகவே எடுத்துத் தனியாக வைத்துவிட்டார். நான் சொல்லவே இல்லை. சாப்பிடும்போது என் மகள் காலைக் கடித்துப் பார்த்துத் தோற்றுப்போய் உதட்டைப் பிதுக்கினாள். அந்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, காலை மூட்டில் ஒடித்து, நுனிக்காலின் கூரான முனையையே ஊசிபோல் பிடித்து, அடுத்த கால்துண்டுக்குள் விட்டுத் தள்ளினார். சதை முழுசாக, உடையாமல், வெள்ளை விரல்போல் வெளியே வந்தது. நண்டின் காலே நண்டைத் தின்னும் கருவி. இதை என் அம்மாகூட எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

மகனுக்கு நண்டு தரவில்லை. எங்கள் குடும்பத்தில் இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு, வெளியூரில் வைத்து அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கு முள் எடுத்த கிழங்கான் மீனும் ரசம் சாதமும்.

சாப்பிட்டு வந்ததும் ஒருவர் படகில் போகலாம் என்று கூப்பிட்டார். மகள் குதித்தாள். காலையில் பார்த்த அதே வலைக்காரப் பெரியவர் அங்கே இருந்தார். குழந்தைகளைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார். 2011 கிறிஸ்துமஸ் நாளில் இதே ஏரிக்கு வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. மகள் அழுதாள். அழட்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டு டச்சுக் கல்லறைக்குக் கூட்டிப்போனேன். டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரை வணிகம் முழுவதையும் இங்கிருந்தே நடத்தினார்கள். 1690இல்தான் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போனது. கோட்டை இப்போது இல்லை. கல்லறை மட்டும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் வாசலில் இருபுறமும் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். என் மகள் அழுகையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்து, "அம்மா, இவர்கள் சாப்பிடவே இல்லையா?" என்று கேட்டாள்.

திரும்பும்போது இருவரும் பொன்னேரிக்கு முன்பே தூங்கிவிட்டார்கள்.

ராயபுரத்திலிருந்து

தண்டையார்பேட்டைச் சகோதரி சொன்ன அந்த நுனிக்கால் வித்தையை எங்கள் வீட்டில் என் பாட்டி செய்வார். படித்ததும் அவர் கை கண்முன் வந்தது.

நாங்கள் போனது அவ்வளவு தூரம்கூட இல்லை. போய்விட்டு வந்த களைப்பில் சமைக்க முடியாத ஒரு மாலை பற்றித்தான் சொல்ல வந்தேன். திருவள்ளூர் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில், ஆறு வயது மகனும் மூன்று வயது மகளும் பசியில் சண்டை போட, கடற்கரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அத்தோ என்னும் பர்மா நூடுல்ஸ் விற்கும் கைவண்டியில் நிறுத்தினேன். குழந்தைகளுக்கு அது சரிப்படுமா என்று மனைவிக்குச் சந்தேகம். கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். அவருடைய அப்பா ரங்கூனில் கடை வைத்திருந்தாராம். அறுபதுகளில் அங்கே கடைகள் அரசுடைமையானபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறிய குடும்பம். இங்கே வியாசர்பாடி வரை அப்படி வந்து குடியேறியவர்கள் எத்தனையோ பேர்.

மிளகாய்த்தூள் இல்லாமல் கேட்டேன். அவர் நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், எண்ணெய் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு துளி எடுத்துத் தன் நாக்கில் வைத்துப் பார்த்து, பிறகே கொடுத்தார். ஒரு குவளை வாழைத்தண்டு சூப்பை மகளுக்கு மட்டும் ஆற்றி ஆற்றிக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். "என் அப்பா கப்பலில் என்னைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நானும் இந்த உயரம்தான்" என்றார்.

மகன் இன்றும் வெளியே போகலாமா என்று கேட்பதில்லை. சூப் தாத்தாவிடம் போகலாமா என்றுதான் கேட்கிறான்.

கொருக்குப்பேட்டையிலிருந்து

எங்கள் வீட்டில் சைவம். அதனால் நாங்கள் போனது சிறுவாபுரி முருகன் கோயில். சொந்த வீடு வேண்டும் என்பவர்கள் தொடர்ந்து ஆறு செவ்வாய்க்கிழமை வருவார்கள், அன்று கால் வைக்க இடமிருக்காது. பிள்ளைகளோடு போகிறவர்கள் சனி, ஞாயிறு போவது நல்லது.

கொல்கத்தா நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பியதுமே என் இரண்டாவது பெண் வாந்தி எடுத்துவிட்டாள். பாவாடை, இருக்கை, என் புடவை எல்லாம் போயிற்று. தவறு எங்களுடையதுதான். அழாமல் இருக்கட்டும் என்று ஓடும் வண்டியில் பாலும் பிஸ்கட்டும் கொடுத்துக்கொண்டே வந்தோம். கோயில் வாசலில் பூ விற்கும் அம்மா ஒருவர், பூவின்மேல் தெளிக்க வைத்திருந்த குடத்துத் தண்ணீரை அப்படியே தூக்கிக் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்கவில்லை. குழந்தையைத் தன் காலில் படுக்கப்போட்டு, குளிப்பாட்டுகிற மாதிரியே முகம் கழுவிவிட்டு, ஒரு எலுமிச்சம்பழத்தைக் கீறி மோந்து பார்க்கக் கொடுத்தார். கதம்பத்துக்குக் காசு வாங்கினார், தண்ணீருக்கு வாங்கவில்லை. தரிசனம் முடிந்து மரத்தடியில் புளியோதரையும் தயிர்சாதமும் பிரித்தபோது அவரையும் கூப்பிட்டோம். வியாபாரத்தை விட்டு வர முடியாது என்றார். அதனால் ஒரு இலையில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் வீட்டு மாவடுவை அவர் ரசித்துச் சாப்பிட்டது எனக்குத் தரிசனத்துக்குச் சமமாக இருந்தது.

இப்போதெல்லாம் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பிள்ளைகளுக்கு ஊட்டிவிடுகிறேன். வண்டி ஓடும்போது தண்ணீர் மட்டும்தான். ஒரு மாற்றுப் பாவாடை கைக்கெட்டும் பையில். பின்பெட்டியில் வைத்தால் அது இல்லாததற்குச் சமம்.

மீண்டும் தண்டையார்பேட்டையிலிருந்து

பூக்கார அம்மாவைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது.

பழவேற்காட்டில் சமைத்துத் தருகிறவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். தேட வேண்டாம். மீனோ நண்டோ யாரிடம் வாங்குகிறீர்களோ, அவரிடமே கேளுங்கள். அவர் செய்யாவிட்டாலும் பக்கத்து வீட்டில் சொல்லிவிடுவார். பதினொரு மணிக்குள் மீனைக் கொடுத்துவிடுங்கள். சமையலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், அந்த நேரத்தில் பிள்ளைகளுக்குப் பசி வந்துவிடும். கையில் வாழைப்பழம் இருக்கட்டும். கூலியை முன்பே பேசிக்கொள்ளுங்கள், பேரம் பேசாதீர்கள். பௌர்ணமிக்கு அண்மையில் போகாதீர்கள், நண்டில் சதை இருக்காது என்று அந்த அக்கா சொன்னார். நான் அடுத்த முறை நாட்காட்டியைப் பார்த்துத்தான் கிளம்புவேன்.

பனையோலைக் கூடை பின்னும் பெண்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள், அதையும் விட்டுவிடாதீர்கள். மகளுக்குக் கிலுகிலுப்பை ஒன்றும், மூடி வைத்த சின்னப் பெட்டி ஒன்றும் வாங்கினேன். கழுவிக் காயவைத்த ஒரு நண்டுக் கொடுக்கு இப்போது அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் திறந்து காட்டி, இது ஆண் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.