கார் கதவில் தார்: எங்கள் குடும்பக் குழுவில்

[மாலை 4:05] நான்: (படம்) எல்லோருக்கும் ஒரு கேள்வி. புதிதாகத் தார் போட்ட சாலை வழியாக வந்தேன். கதவுக்குக் கீழேயும் பின்சக்கரத்தை ஒட்டியும் கரும்புள்ளிகளாக அப்பியிருக்கிறது. ஷாம்பு போட்டுக் கழுவியும் ஒன்றுகூட அசையவில்லை. பெயின்ட் கெடாமல் எப்படி எடுப்பது?

[4:06] தம்பி: பெட்ரோலில் துணியை நனைத்துத் துடை. உடனே போய்விடும்.

[4:07] அக்கா: காய்ந்திருந்தால் நகத்தால் சுரண்டிப் பாரேன். உரிந்து வரும்.

[4:09] சித்தப்பா: ரெண்டும் வேண்டாம். பட்டறையில் ஒரு கதவுக்குக் கோட்டிங் ஓடிக்கொண்டிருக்கிறது. முடித்துவிட்டு வருகிறேன். அதுவரை யாரும் எதையும் தேய்க்காதீர்கள்.

[4:09] நான்: சரி சித்தப்பா. காரை நிழலில் நிறுத்தி வைக்கிறேன்.

[4:31] சித்தப்பா: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய பொட்டுகளைக் கவனிம்மா, உள்ளே மணலும் பொடிக்கல்லும் சிக்கியிருக்கின்றன. தார் வெறும் பசை, அதனால் பெயின்டில் கீறல் விழாது. கீறுவது அந்தக் கல். அழுத்தித் தேய்த்தால் கல்லை வைத்துப் பெயின்டைத் தேய்க்கிறாய் என்றுதான் அர்த்தம். நகம், பிளேடு, பாத்திரம் தேய்க்கும் நார் எல்லாமே இதே கணக்கில்தான் வரும்.

[4:33] சித்தப்பா: நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று ஒளி ஊடுருவும் ஒரு பூச்சு இருக்கிறது. வெயிலையும் மழையையும் தாங்குவது அதுதான். அதன் கனம் பொதுவாக 40, 50 மைக்ரான். ஒரு தலைமுடிகூட அதைவிடத் தடிமன். தார் எடுக்கப் போய் அதைத் தேய்த்துவிட்டால் திரும்ப வராது.

[4:35] பெரியப்பா: ஷாம்புக்கு ஏன் அசையவில்லை தம்பி? எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் போகிறதே.

[4:37] சித்தப்பா: அண்ணே, கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது கடைசியில் அடியில் தங்குகிற கசடுதான் சாலைக்குப் போடுகிற தார். தண்ணீரைக் கிட்டேயே சேர்க்காது. எண்ணெய் வழி வந்த பொருள்தான் அதைக் கரைக்கும்.

[4:38] தம்பி: பெட்ரோலும் எண்ணெய் வழி வந்ததுதானே சித்தப்பா?

[4:41] சித்தப்பா: கரைக்கும்டா, அதை மறுக்கவில்லை. ஆனால் பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிக் குளிரில்கூடத் தீப்பற்றுகிற அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து போய் எங்கோ இருக்கிற ஒரு பொறியில் பிடித்துக்கொள்ளும். அதில் பென்சீன் வேறு இருக்கிறது, புற்றுநோய் உண்டாக்கும் பொருள். மூச்சிலும் போகும், தோல் வழியாகவும் போகும். அப்புறம், தார் ஊறுவதற்குள் பெட்ரோல் பறந்துவிடும். பாதி கரைந்த தாரை நீ பக்கத்தில் இழுத்துப் பூசிக்கொண்டிருப்பாய்.

[4:43] அத்தை: அண்ணா, எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தின்னர் போட்டுத் துடைத்தார். துணியில் காரின் நிறமே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது!

[4:47] சித்தப்பா: அது முன்பே இடிபட்டு மறுபடி பெயின்ட் அடித்த இடமாக இருக்கும். தொழிற்சாலையில் 140 டிகிரி வாக்கில் சுட்டு இறுக்குகிறார்கள். பட்டறையில் அவ்வளவு சூடு கொடுக்க முடியாது, பிளாஸ்டிக்கும் ரப்பரும் தாங்காது. அதிலும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டாக இருந்தால் எத்தனை வருடம் ஆனாலும் தின்னர் பட்டதும் கரையும். தின்னர், அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர் மூன்றையும் கார் பக்கமே கொண்டு வராதீர்கள்.

[4:48] நான்: அப்படியானால் எதைத்தான் போடுவது?

[4:53] சித்தப்பா: கார் பெயின்டுக்கென்றே தார் ரிமூவர் விற்கிறார்கள், அதுதான் முதல் தேர்வு. பெட்ரோலியக் கரைப்பானில் செய்ததும் உண்டு, ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் கிடைக்கிற லிமோனீனில் செய்ததும் உண்டு. லேபிளில் கிளியர் கோட்டுக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்கு. துருப்பிடித்த திருகை இளக்கத் தெளிக்கிற டபிள்யூடி-40 வீட்டில் இருந்தால் அதுவும் தாரை இளக்கும், அதிலும் பெரும்பங்கு பெட்ரோலியக் கரைப்பான்தான்.

[4:54] அத்தை: அவசரத்துக்குச் சமையல் எண்ணெய் போடலாமா? கையில் ஒட்டிய தாரை அதில்தான் எடுப்போம்.

[4:55] சித்தப்பா: தாராளமாகப் போடலாம். பெயின்டை ஒன்றும் செய்யாது. என்ன, மெதுவாகத்தான் இளகும். நன்றாக ஊறவிட்டு, கடைசியில் பிசுக்குப் போக ஷாம்பு போட்டுக் கழுவ வேண்டும். சின்னப் புள்ளிகளுக்கு நான் அதையே சொல்வேன்.

[4:56] நான்: தார் ரிமூவர் இருக்கிறது சித்தப்பா. கார் வாங்கும்போது கூடவே ஒரு பாட்டில் கொடுத்தார்கள். எப்படிப் போடுவது?

[5:02] சித்தப்பா: நல்லது. கையுறை போட்டுக்கொள். முதலில் தண்ணீரைப் பீய்ச்சித் தளர்ந்த மண்ணைக் கழுவிவிடு. கதவைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் ஆறட்டும், இல்லாவிட்டால் மருந்து காய்ந்து தடம் விழும். கண்ணில் படாத ஒரு ஓரத்தில் முதலில் ஒரு துளி போட்டுப் பார். நிறம் மங்கவில்லை, துணியிலும் நிறம் வரவில்லை என்றால் வேலையைத் தொடங்கலாம். ஒரே நேரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளாதே. புள்ளி மேல் தெளி, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் பேசாமல் இரு. கை வேலையை மருந்து செய்யட்டும். பழுப்பு நிறத்தில் ஒழுக ஆரம்பித்தால் கரைகிறது என்று அர்த்தம். காயவிடாதே, காய்கிற மாதிரி தெரிந்தால் இன்னும் கொஞ்சம் தெளி.

[5:04] சித்தப்பா: கல் சிக்கிய பெரிய பொட்டுகளுக்கு, மருந்தில் நனைத்த துணியை மேலே ஒட்டி வைத்துவிடு. இளகியதும் துணியோடு சேர்த்து மேலே தூக்கி எடு. பக்கவாட்டில் இழுக்கக் கூடாது. ஒருமுறை துடைத்த பக்கத்தை மறுபடி பெயின்டில் வைக்காதே, மடித்து அடுத்த சுத்தமான பக்கத்துக்குப் போ. மைக்ரோஃபைபர் துணி நிறைய வைத்துக்கொள்.

[5:05] பெரியப்பா: கேரேஜ் கதவைத் திறந்து வைத்துக்கொள்ளம்மா. பக்கத்தில் யாரும் நெருப்பு பற்ற வைக்க வேண்டாம்.

[5:06] சித்தப்பா: ஆமாம் அண்ணே, வெளியே நிறுத்திச் செய்தால் இன்னும் நல்லது. பெயின்ட் இல்லாத கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர், முன்விளக்கு மேல் தெளித்துவிடாதே. முன்விளக்கின் மூடி பாலிகார்பனேட், சில கரைப்பான் பட்டால் மயிரிழை மாதிரி வெடிப்பு விடும்.

[5:48] நான்: (படம்) சித்தப்பா! நீங்கள் சொன்னபடியே பழுப்பாக ஒழுகியது. கதவு சுத்தமாகிவிட்டது. பெரிய பொட்டுகளுக்கு மூன்று நான்கு முறை வைக்க வேண்டியிருந்தது. ஆனால் டிக்கிப் பக்கம் சின்னச் சின்னதாக ஆரஞ்சு நிறத்தில் சில புள்ளிகள் இருக்கின்றன, அவை அசையவே இல்லை.

[5:52] சித்தப்பா: அது தார் இல்லை. பிரேக்கிலிருந்து பறந்த இரும்புத் துகள், பெயின்டில் பதிந்து துருப்பிடித்திருக்கிறது. அதற்கு இரும்பைக் கரைக்கிற ரிமூவர் தனியாக உண்டு, பட்டதும் ஊதா நிறமாக மாறும். இன்றைக்கு விட்டுவிடு. தாருக்கு வாங்கியதை அதன் மேல் எத்தனை முறை அடித்தாலும் பயன் இல்லை.

[5:54] அக்கா: சித்தப்பா, எங்கள் கார் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கரை உரித்தோம். பசை அப்படியே இருக்கிறது, தூசி ஒட்டிக் கறுத்துவிட்டது. அதற்கும் இதே மருந்தா?

[5:58] சித்தப்பா: பெரும்பாலும் போகும்மா. மேலே இருக்கிற தூசியை முதலில் கழுவிவிடு. பிறகு ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்துச் சூடு காட்டு, கை பொறுக்கிற சூடு போதும். பசை இளகியதும் விரல் நுனியால் உருட்டினால் திரண்டு வரும். மிச்சத்துக்கு ரிமூவர். மீதி இருக்கிற ஸ்டிக்கரையும் எடுப்பதாக இருந்தால் இதே மாதிரி சூடு காட்டி, ஒரு மூலையிலிருந்து பின்பக்கமாக மடக்கி மெதுவாக இழு. மறுபடி பெயின்ட் அடித்த இடமாக இருந்தால் இழுக்காதே, பட்டறைக்குக் கொண்டு வா, நான் பார்க்கிறேன்.

[6:00] தம்பி: தார் எடுத்த பிறகு அப்படியே விட்டுவிடலாமா?

[6:03] சித்தப்பா: கூடாது. மருந்து மிச்சம் இல்லாமல் ஷாம்பு போட்டுக் கழுவ வேண்டும். கரைப்பான் தாரோடு சேர்த்து, பெயின்டுக்கு மேலே பாதுகாப்புக்குப் பூசியிருந்த பழைய வாக்ஸையும் (மெழுகு) எடுத்துவிடும். அதனால் காய்ந்ததும் அந்த இடத்துக்கு வாக்ஸ் போடு. அடுத்த முறை தார் தெறித்தாலும் இவ்வளவு பிடிவாதமாக ஒட்டாது. அன்றைக்கே எடுத்துவிட்டால் வேலையும் பாதிதான்.

[6:05] நான்: வாக்ஸ் நாளைக் காலையில் போடுகிறேன் சித்தப்பா. துடைத்த துணிகளை வாஷிங் மெஷினில் போடலாமா?

[6:07] சித்தப்பா: வேண்டவே வேண்டாம், தீ அபாயம். வெளியே காற்றோட்டமாகத் தனித்தனியாக விரித்துக் காயப்போடு, சுருட்டி மூலையில் வைக்காதே. கல் ஒட்டிய துணியை மறுபடி கார் பக்கம் எடுக்காதே, அதைக் கழித்துவிடு.

[6:08] நான்: சரி சித்தப்பா, இப்போதே விரித்துவிடுகிறேன்.