புது ஃபோட்டோ ப்ரிண்டர் வைஃபையில் சேர்ந்துவிட்டது, ஆனால் போனுக்குத் தெரியவில்லை. ஞாயிறு விசேஷம், உதவி தேவை

காபிப்பூ_ஏற்காடு (வியாழன், இரவு 9.20)

எல்லோருக்கும் வணக்கம். புதுசாக ஒரு ஃபோட்டோ ப்ரிண்டர் வாங்கினோம், வைஃபை உள்ளது. வீட்டு வைஃபையில் சேர்த்தாகிவிட்டது, நீல விளக்கும் நிலையாக எரிகிறது. ஆனால் போனில் ஆப்பைத் திறந்தால் ப்ரிண்டர் எதுவும் இல்லை என்றே வருகிறது. ஆப்பை நாலு தடவை அழித்துவிட்டு மறுபடியும் ஏற்றிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அறுபதாம் கல்யாணம். ஆத்தூரிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் சொந்தக்காரர்கள் மேலே வருகிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்கள் கையில் ஆளுக்கு ஒரு படம் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று ஆசை. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி_கேபிள் (9.31)

அப்பா அம்மாவுக்கு வணக்கங்கள், அக்கா. என்ன மாடல்? மை ஊற்றுகிற வகையா, ரிப்பன் வகையா? ஐபோனா, ஆண்ட்ராய்டா? ரவுட்டர் எது? இதெல்லாம் தெரிந்தால் நல்லது.

தெரியாமலேயே ஒன்று சொல்கிறேன், வைஃபையின் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பாருங்கள். இந்தச் சின்ன ஃபோட்டோ ப்ரிண்டர்களில் பெரும்பாலானவை அதை மட்டும்தான் பிடிக்கும், 5 ஜிகாஹெர்ட்ஸ் பிடிக்காது. நான் போய்ப் பார்த்த வீடுகளில் முக்கால்வாசி அதுதான். ரவுட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, போனையும் 2.4-க்குக் கொண்டுவாருங்கள்.

சூரமங்கலம்_எலக்ட்ரிகல் (9.44)

கரண்ட் போய் வந்ததா? ஏற்காட்டில் மழை என்றால் போகும். ரவுட்டர் அணைந்து எழுந்தால் ப்ரிண்டருக்கு வேறு ஐபி (வலைக்குள் அதன் முகவரி எண்) கொடுத்திருக்கும், ஆப் பழைய ஐபியில் தேடிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் அணையுங்கள். முதலில் ரவுட்டரைப் போட்டு இரண்டு நிமிடம் விடுங்கள். அப்புறம் ப்ரிண்டர், கடைசியில் போன். இந்த வரிசை முக்கியம்.

குகை_கணினி (10.02)

உதவி கேட்கும்போது மாடல், ரவுட்டர், போன், செய்து பார்த்தவை என்று நான்கையும் எழுதுங்கள் என இங்கே பல தடவை சொல்லியாகிவிட்டது. "வைஃபை உள்ளது" என்பது ஒரு விவரமே அல்ல. நீல விளக்கு என்றால் ப்ரிண்டர் ரவுட்டரோடு பேசிவிட்டது, அவ்வளவுதான். போனுக்குத் தெரிவது வேறு விஷயம்.

அஸ்தம்பட்டிக்கும் ஒரு திருத்தம். ஒரே ரவுட்டரில் போன் 5-இலும் ப்ரிண்டர் 2.4-இலும் இருந்தாலும் ஒன்றை ஒன்று பார்க்க முடியும். உள்ளே இரண்டும் ஒரே வலைதான். 2.4 பிரச்சினை என்றால் ப்ரிண்டர் வைஃபையில் சேரவே சேராது. சேர்ந்துவிட்டது என்று அவரே எழுதியிருக்கிறாரே.

அஸ்தம்பட்டி_கேபிள் (10.09)

புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும் சார். நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். பிரித்ததும் வேலை செய்த வீடுகள் உண்டு.

காபிப்பூ_ஏற்காடு (10.15)

மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். ரிப்பன் வகை, ஆறுக்கு நாலு படம் போடும். எனக்கு ஐபோன், வீட்டுக்காரருக்கு ஆண்ட்ராய்டு, இரண்டிலுமே தெரியவில்லை. கரண்ட் போகவில்லை, வரிசையாக அணைத்துப் போட்டும் பார்த்தேன். வைஃபை 5ஜி. ப்ரிண்டருக்குப் பக்கத்திலேயே நின்றுதான் பார்க்கிறேன், சிக்னல் இருக்கிறது.

ஐந்துரோடு_தம்பி (10.21)

5ஜி என்றால் சிம்மா, வீட்டு ரவுட்டரா? சிம்மாக இருந்தால் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். விபிஎன் ஆப் இருந்தாலும் அணையுங்கள். ஐபோனில் செட்டிங்ஸுக்குள் "லோக்கல் நெட்வொர்க்" அனுமதி என்று ஒன்று இருக்கும், அது இல்லையென்றால் ஆப்பால் வீட்டுக்குள் தேடவே முடியாது.

காபிப்பூ_ஏற்காடு (10.26)

வீட்டு ரவுட்டர்தான், ஃபைபர். அனுமதி கொடுத்திருக்கிறேன். விபிஎன் கிடையாது.

பழைய_நெகட்டிவ் (10.40)

ஏம்மா, எதற்கு இவ்வளவு சிரமம்? விசேஷம் முடிந்து திங்கட்கிழமை சேலத்துக்கு இறங்கி வந்து லேபில் கொடுத்தால் நல்ல பேப்பரில் போட்டுத் தருவார்கள், நிற்கும். அறுபதாம் கல்யாணப் படத்தைக் கையகல மிஷினில் போடாதீர்கள். 1980களில் போட்ட லேப் படங்களை இன்றும் எடுத்துப் பார்க்கிறேன்.

நாகலூர்_மிளகு (10.52)

ஐயா, சேலத்துச் சமவெளிக்கு நீங்கள் சொல்வது சரி. மலையில் நிலைமை வேறு. லேப் படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின், ஈரம் பட்டால் ஊறும், பூஞ்சை பிடிக்கும். எங்கள் வீட்டில் கண்ணாடிச் சட்டத்தில் போட்ட மூன்று படங்கள் மழைக்காலத்தில் கண்ணாடியோடு ஒட்டி, பிரிக்கும்போது முகம் போய்விட்டது. அதில் ஒன்று எங்கள் தாத்தாவின் ஒரே படம்.

ரிப்பன் வகையில் மஞ்சள், மெஜந்தா, சயான் என்று மூன்று சாயமும் சூட்டில் ஒவ்வொன்றாகப் பேப்பருக்கு ஏறும். நாலாவதாக மேலே நிறமில்லாத ஒரு பூச்சு வரும். கை வேர்வை பட்டாலும் தண்ணீர் தெளித்தாலும் அது தாங்கும். விருந்துக்கு வந்தவர் கையில் கொடுக்க அதைவிட நல்லது இல்லை.

பழைய_நெகட்டிவ் (11.05)

சட்டத்துக்கும் படத்துக்கும் நடுவில் அட்டை வைக்காமல் கண்ணாடியில் நேராக ஒட்ட வைத்தது உங்கள் தவறு. லேப் படத்தின் மேல் பழியைப் போடாதீர்கள். சாயமும் வெளிச்சத்தில் வெளுக்கும்.

நாகலூர்_மிளகு (11.11)

எல்லாச் சாயமும்தான் வெளுக்கும், லேப் படத்தில் இருப்பதும் சாயம்தானே. தாத்தா படத்துக்குச் சட்டம் போட்டது நான் இல்லை, கடைக்காரர். அட்டை வைக்கச் சொல்லி அன்று யாரும் சொல்லவில்லை.

வீட்டுத்தறி_அம்மாபேட்டை (11.30)

பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. காபிப்பூ அக்கா, இரண்டு எண் மட்டும் பார்த்து எழுதுங்கள். ப்ரிண்டர் மெனுவில் வைஃபை விவரத்துக்குள் ஐபி என்று இருக்கும், அது ஒன்று. போனில் வைஃபை பெயரைத் தொட்டால் வரும் ஐபி இன்னொன்று.

ப்ரிண்டரின் எண் 169.254 என்று ஆரம்பித்தால் ரவுட்டர் அதற்கு முகவரியே கொடுக்கவில்லை, தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டிலும் முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால் கெஸ்ட் வைஃபையா என்று பார்க்க வேண்டும். அதில் கருவிகள் ஒன்றை ஒன்று பார்க்காமல் பிரித்து வைக்கும் ஏற்பாடு இருக்கும். முதல் மூன்று எண்கள் வேறு வேறாக இருந்தால் அதை அப்புறம் சொல்கிறேன்.

காபிப்பூ_ஏற்காடு (வெள்ளி, காலை 6.50)

ப்ரிண்டர் 192.168.1.7. என் போன் 192.168.0.104. வீட்டுக்காரர் போன் 192.168.0.110.

குகை_கணினி (7.15)

ஒரே வைஃபையில் அப்படி வராது. எங்கோ தவறாகப் பார்த்திருக்கிறீர்கள். பக்கத்து வீட்டு இணைப்பில் ப்ரிண்டரைச் சேர்த்துவிட்டீர்களா?

வீட்டுத்தறி_அம்மாபேட்டை (7.22)

சரியாகத்தான் பார்த்திருக்கிறார். அக்கா, வீட்டில் வைஃபைப் பெட்டி எத்தனை?

காபிப்பூ_ஏற்காடு (7.40)

இரண்டு. இணைப்புக் கொடுத்தவர்கள் வைத்த வெள்ளைப் பெட்டி முன் அறையில் இருக்கிறது. எங்களுடையது பழைய எஸ்டேட் வீடு, சுவரெல்லாம் கருங்கல், பின்கட்டுக்குச் சிக்னல் வராது. அதனால் தம்பி போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு கறுப்பு ரவுட்டர் கொண்டுவந்து வயர் இழுத்துப் பின்னால் வைத்தான். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட்தான். அதனால் ஒன்றே என்று நினைத்து எழுதாமல் விட்டேன்.

வீட்டுத்தறி_அம்மாபேட்டை (8.05)

அதுதான் விஷயம். பெயர் ஒன்று, ஆனால் உள்ளே இரண்டு வலை. வெள்ளைப் பெட்டி 192.168.1 வரிசையில் முகவரி கொடுக்கிறது. அதிலிருந்து வயர் வாங்கும் கறுப்பு ரவுட்டர் தனக்குக் கீழே 192.168.0 என்று இன்னொரு வீடு கட்டி வைத்திருக்கிறது. ப்ரிண்டர் முன் அறையில் இருப்பதால் வெள்ளையைப் பிடித்துவிட்டது. போன்கள் பின்கட்டில் கறுப்பைப் பிடித்தவை. முன் அறைக்கு வந்தாலும் ஏற்கெனவே பிடித்ததை போன் லேசில் விடாது.

ஆப் ப்ரிண்டரைத் தேடுவது, வீட்டுக்குள் "ப்ரிண்டர் யாராவது இருக்கிறீர்களா" என்று குரல் கொடுப்பது மாதிரி. அந்தக் குரல் ரவுட்டரைத் தாண்டாது. இதில் ஒரு குழப்பமும் வரும். சில ப்ரிண்டர்களில் அந்த 192.168.1.7-ஐ போன் பிரவுசரில் தட்டினால் பக்கம் திறந்துவிடும், ஏனென்றால் கீழ் வலையிலிருந்து மேல் வலைக்குப் போக வழி உண்டு. எண் தெரிந்தால் போகலாம், தெரியாமல் தேடினால் கிடைக்காது. இந்த ஒன்றால் நான் எங்கள் வீட்டில் இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

செய்ய வேண்டியது: கறுப்பு ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து (192.168.0.1 ஆக இருக்கலாம்) "ஆக்ஸஸ் பாயிண்ட்" மோட் (தனி வலை கட்டாமல் வைஃபையை மட்டும் பரப்பும் நிலை) இருக்கிறதா பாருங்கள். அதற்கு மாற்றிச் சேமித்தால் போதும், வயரைத் தொட வேண்டாம். இனி முகவரியெல்லாம் வெள்ளைப் பெட்டியே கொடுக்கும். அந்த மோட் இல்லையென்றால் கறுப்பின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள், அந்த எண் வேறு கருவியிடம் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள டிஹெச்சிபியை (முகவரி கொடுக்கும் வசதி) அணைத்துவிட்டு, வெள்ளையிலிருந்து வரும் வயரை வான் (WAN, இணையம் உள்ளே வரும்) துளையிலிருந்து எடுத்து லான் (LAN, வீட்டுக் கருவிகளுக்கான) துளையில் சொருகுங்கள். முடிந்ததும் இரண்டு போனிலும் வைஃபையை அணைத்துப் போடுங்கள், எண் 192.168.1 என்று மாற வேண்டும்.

அப்புறம் சூரமங்கலம் சொன்னதும் தேவைப்படும். வெள்ளைப் பெட்டியில் ப்ரிண்டருக்கு 192.168.1.7-ஐ நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். ஞாயிறு அன்று கரண்ட் போனாலும் எண் மாறாது.

குகை_கணினி (8.30)

இரண்டு பெட்டி என்பதை முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் நேற்றே முடிந்திருக்கும். ஆனால் இது ஒட்டுப்போடும் வேலை. முறையாகச் செய்வதென்றால் வெள்ளைப் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (இணைப்பை மட்டும் கடத்திவிடும் நிலைக்கு) மாற்றி, கறுப்பை மட்டும் ரவுட்டராக வைக்க வேண்டும்.

வீட்டுத்தறி_அம்மாபேட்டை (8.41)

பிரிட்ஜ் மோடில் போட்டால் இணைப்பின் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கறுப்பு ரவுட்டரில் கொடுக்க வேண்டியிருக்கும். அது இவர்களிடம் இருக்கிறதோ இல்லையோ. முன் அறையில் வைஃபையும் போய்விடலாம். வெள்ளிக்கிழமை அதில் கைவைத்து, ஞாயிறு விசேஷத்துக்கு இணையமே இல்லாமல் நிற்க வேண்டுமா? பொங்கலுக்கு அப்புறம் ஒரு நாள் ஓய்வாகச் செய்யட்டும்.

குகை_கணினி (8.47)

நாள் நெருக்கத்தில் வேண்டாம் என்பதை ஏற்கிறேன். முறை எது என்பதில் என் கருத்து அதேதான்.

அஸ்தம்பட்டி_கேபிள் (9.10)

அக்கா, எதற்கும் 2.4-ஐத் தனியாகவும் பிரித்து வையுங்கள்.

நாகலூர்_மிளகு (9.25)

இன்னும் இரண்டு விஷயம். ஒவ்வொரு நிறத்துக்கும் பேப்பர் ஒரு தடவை போய் வரும், சில மிஷின்களில் பின்பக்கம் நீட்டிக்கொண்டு வரும். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், நடுவில் கையால் இழுக்கவும் விடாதீர்கள். குழந்தைகள் கட்டாயம் இழுப்பார்கள். பேப்பர் உறையை முன்கூட்டியே பிரிக்க வேண்டாம், பனி இறங்கினால் தாள் வளையும். வைஃபை எதுவுமே சரிவரவில்லை என்றால் ப்ரிண்டரில் நேரடி இணைப்பு என்று ஒன்று இருக்கும். அதுவே ஒரு வைஃபை கொடுக்கும், போனை அதில் சேர்த்தால் ரவுட்டரே வேண்டாம்.

பழைய_நெகட்டிவ் (9.50)

தீர்ந்த ரிப்பனைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள் அம்மா. அதில் எல்லாப் படமும் நிறம் பிரிந்து அப்படியே பதிந்திருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் முகம் தெரியும். நறுக்கிப் போடுங்கள். தாலி கட்டும் படத்தை மட்டுமாவது லேபிலும் ஒன்று போட்டு, அட்டை வைத்துச் சட்டம் போடுங்கள்.

காபிப்பூ_ஏற்காடு (வெள்ளி, மாலை 5.35)

தம்பியை வீடியோ காலில் வைத்துக்கொண்டு மாற்றினோம். இரண்டு போனிலும் தெரிகிறது! முதலில் பாட்டி படம் போட்டோம். வீட்டுத்தறி அண்ணாவுக்கும் எல்லோருக்கும் நன்றி. சமையல்காரர் வந்துவிட்டார், அப்புறம் எழுதுகிறேன்.

வீட்டுத்தறி_அம்மாபேட்டை (5.50)

சந்தோஷம் அக்கா. ப்ரிண்டருக்கு எண்ணை ஒதுக்கினீர்களா?

ஐந்துரோடு_தம்பி (சனி, காலை 10.05)

அக்கா, ஆக்ஸஸ் பாயிண்ட் மோட் இருந்ததா, வயரை லானுக்கு மாற்றினீர்களா? எங்கள் சித்தப்பா வீட்டிலும் இதே மாதிரி இரண்டு பெட்டி.

ஐந்துரோடு_தம்பி (செவ்வாய், இரவு 8.12)

அக்கா?