அண்டர்ஸ்டியர், ஓவர்ஸ்டியர்: வெள்ளிக்குள் தமிழ் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.
பந்தயக் கார் பற்றிய பாடம் ஒன்றை இயந்திரவியல் மாணவர்களுக்காகத் தமிழாக்குகிறேன். வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. எஞ்சின் விசை எந்தச் சக்கரத்துக்குப் போகிறது, கார் எவ்வளவு எடை, ஓட்டுபவர் எவ்வளவு தேர்ந்தவர் என்பவை சுற்றுநேரத்தை எப்படி மாற்றும் என்பதே அத்தியாயம். எஞ்சின் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் டிரைவ்டிரெயினுக்குச் 'செலுத்துதொடர்' போட்டுவிட்டேன். ஸ்டியரிங்கைத் திருப்பிய அளவைவிடக் கார் குறைவாகத் திரும்பினால் அண்டர்ஸ்டியர், அதிகமாகத் திரும்பினால் ஓவர்ஸ்டியர். முன்னதற்குக் 'குறைதிருப்பம்', பின்னதற்கு 'மிகைதிருப்பம்' சரிதானா?

---
> குறைதிருப்பம், மிகைதிருப்பம்

வேண்டாம் ஐயா. ஓட்டுநர் ஸ்டியரிங்கைக் குறைவாகத் திருப்பினார் என்றுதான் மாணவன் புரிந்துகொள்வான். நடப்பதோ நேர்மாறு. எஞ்சின் முன்சக்கரங்களைச் சுழற்றும் காரில் இழுப்பதும் திரும்புவதும் அதே இரண்டு டயர்களின் பாடு. வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை மிதித்தால், திரும்புவதற்கென்று பிடிப்பு மிஞ்சாது. ஓட்டுநர் மேலும் மேலும் திருப்புவார், மூக்கு வெளிப்பக்கமே போகும். எந்தப் பக்கம் வழுக்குகிறதோ அதைச் சொல்லுங்கள்: முன்வழுக்கு, பின்வழுக்கு.

---
'வழுக்கு' அருமை. வழு, வழுவு, வழுக்கு எல்லாம் ஒரே வேர். இலக்கணத்தில் வழாநிலை (பிழையின்மை), வழு (பிழை), வழுவமைதி (பிழையானாலும் ஏற்கப்படுவது) என மூன்று உண்டல்லவா? காரின் பின்பக்கம் விலகத் தொடங்கும்போதே தேர்ந்த ஓட்டுநர் எதிர்ப்பக்கம் திருப்பி, மிதியை அளந்து, வளைவை முடித்துவிடுகிறாரே, அதுதான் வழுவமைதி! 'செலுத்துதொடர்' பொருந்தவில்லை. செலுத்துவது பாகன், பல்சக்கரம் உந்தும். 'உந்துதொடர்' என்க. வினைத்தொகை, ஒற்று மிகாது. அப்புறம், முடுக்கி இருக்க ஆக்சிலரேட்டர் எதற்கு?

---
வழுவமைதியை விளக்க ஒரு வகுப்பு, காரை விளக்க இன்னொரு வகுப்பா ஐயா? மாணவர்கள் பாவம்.

என் மறுப்பு வேறு. வழுக்காமலே அண்டர்ஸ்டியர் உண்டு. வளைவில் டயர் பார்க்கும் திசைக்கும் அது போகும் திசைக்கும் சிறு கோணம் இருக்கும். முன்டயரில் அந்தக் கோணம் பின்டயரைவிடப் பெரிதானால் அண்டர்ஸ்டியர். சாலைக் கார்களைப் பெரும்பாலும் இப்படித்தான் அமைக்கிறார்கள்; அவை வழுக்கிக்கொண்டா போகின்றன? 'முன்விலகல், பின்விலகல்' என் பரிந்துரை.

---
நான்கு சக்கரத்தையும் உந்தினால் இந்தச் சண்டையே இல்லை என்று நினைப்பவர்களுக்கு: 1969இல் லோட்டஸ், மெக்லாரன், மாத்ரா ஆகிய மூன்று அணிகளும் ஃபார்முலா ஒன்றில் அதை முயன்றன. கூடுதல் எடை ஒரு பக்கம், திரும்ப மறுக்கும் மூக்கு மறுபக்கம், கைவிட்டார்கள். ஆனால் 1996இல் பிரிட்டன் டூரிங் கார் பந்தயத்தில் நான்கு சக்கரத்தையும் உந்தும் ஆடி ஏ4 குவாட்ரோ கார், தண்டனையாக ஏற்றிய எடையையும் சுமந்துகொண்டே பட்டம் வென்றது. எடை மோசமான எதிரிதான்: பிரேக், வளைவு, வேகமெடுப்பு மூன்றிலும் கடிக்கும். பாரம் இரட்டித்தால் டயரின் பிடிப்பு இரட்டிப்பதில்லை. இது பாடத்தில் இருக்கிறதா?

---
இருக்கிறது ஐயா. சொல்லுக்கு வருவோம். 'முன்வழுக்கு' பக்கம் என்னையும் சேர்த்து மூவர், 'விலகல்' பக்கம் ஒருவர். வழுக்கையே போடுகிறேன், கோண விளக்கம் அடிக்குறிப்பில். 'உந்துதொடர்' ஏற்கிறேன்.

---
தவறான சொல்லை நூலின் உடம்பிலும் சரியான விளக்கத்தை அடியிலும் வைக்கிறீர்கள். தேர்வில் எது வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. உடன்படவில்லை.

---
முடுக்கிக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?