பழைய பூங்காவைப் புதுப்பிக்கிறார்கள், கிணற்றை எப்படிக் காப்பாற்றுவது?

வெண்ணாற்றங்கரை:
தஞ்சை மாவட்டத்தில் சின்ன ஊர் எங்களுடையது. வெள்ளைக்காரன் காலத்துப் பூங்காவை நகராட்சி புதுப்பிக்கப் போகிறது. உள்ளே ஒரு செங்கல் கிணறு, குட்டைச் சுவர், நான்கு தூங்குமூஞ்சி மரங்கள், ஒரு நாகலிங்கம். போன வாரம் வரைபடம் பார்த்தேன். கிணற்றை மூடி அதன்மேல் செல்ஃபி மேடை, சுவருக்குச் சிமெண்ட் பூச்சு, தரை முழுக்கப் பேவர் பிளாக். வேலையே வேண்டாம் என்று சொல்லவில்லை, இருட்டினால் பெண்கள் உள்ளே போக முடியவில்லை, கழிப்பறையும் இல்லை, அதெல்லாம் வரட்டும். ஆனால் அந்தக் கிணற்றின் கருங்கல் விளிம்பில் கயிறு உராய்ந்து உராய்ந்து விழுந்த தடத்தில் என் விரல் முழுசாகப் பதியும், அதைப் போய் மூடுவதா? அடுத்த வாரம் ஏரியா சபை, அதாவது எங்கள் பகுதி மக்கள் நகராட்சியிடம் குறைகளைச் சொல்லும் கூட்டம். என்ன கேட்கலாம்?

குடமுருட்டி:
முதலில் சிமெண்டை நிறுத்தச் சொல்லுங்கள். அந்தக் காலத்துச் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் எழும்பியது. செங்கல் மண்ணிலிருந்து ஈரத்தை இழுக்கும், சுண்ணாம்பு வழியாக அது வெளியே போய்விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிரும். எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையில் மூன்றே மழைக்காலம்தான், பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்தது, பின்னால் இருந்த செங்கல்லை நகத்தால் சுரண்ட முடிந்தது. நீற்றிய சுண்ணாம்பு, மணல், கடுக்காய் ஊறவைத்த தண்ணீர், வெல்லம் என்று எஸ்டிமேட்டிலேயே எழுத வையுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் சிமெண்ட் மூட்டைதான் வந்து இறங்கும்.

மேலவீதி:
தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவை நினைத்துக்கொண்டேன். 1871-72இல் நகராட்சி அதைப் பூங்காவாக்கியது, ஆனால் உள்ளே இருக்கும் குளம் அதைவிட எவ்வளவோ பழையது, செவ்வப்ப நாயக்கன் ஏரியிலிருந்து நிலத்தடி வழியாக அதற்குத் தண்ணீர் வந்தது. பக்கத்திலேயே 1779இல் கட்டிய சுவார்ட்ஸ் தேவாலயம், அந்தப் பக்கம் பெரிய கோயில். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்க வேண்டும், 2010இல் திருத்திய சட்டம் அது. உங்கள் பூங்கா அருகில் அப்படி ஏதும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஊர்க்காரர்கள் கூட்டத்தில் கேட்டு, தீர்மானமாக எழுத வைத்தால்தான் உண்டு.

இலுப்பைத்தோப்பு:
மரத்தை யாருமே பேசவில்லையே! பேவர் போட மண்ணை வெட்டும்போது மேல்வேர்கள் போய்விடும், அந்த வருஷம் ஒன்றும் தெரியாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுநாள் எங்கள் தெருவில் விழுந்து கிடந்த மரங்களில் பாதி, கால்வாய் கட்ட ஒருபக்க வேரை வெட்டிய மரங்கள். நிழல் விழும் தூரம் வரை மண் தரையாகவே விடச் சொல்லுங்கள். கிணற்றையும் தூர் வாரி, மேலே கம்பிவலை போட்டு, மழைத்தண்ணீரை வடிகட்டி உள்ளே விடலாம், பிள்ளைகள் விழும் பயமும் இருக்காது.

வெண்ணாற்றங்கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கம்பிவலை யோசனை நல்லது, பிள்ளைகள் விழுவார்கள் என்றுதான் மூடச் சொல்கிறார்கள். ஞாயிறு காலை டேப்போடு போய்க் கிணற்றையும் ஒவ்வொரு மரத்தின் நிழலையும் அளந்து, கயிற்றுத் தடத்தையும் படம் எடுத்து வருகிறேன். இங்கேயே போடுகிறேன், கூட்டத்துக்கு முன் மனுவை ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.