சர்வர் பாஸ்வேர்டு யார் கையில்?

முன்சீப் கோர்ட் வக்கீல்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ‘கோர்ட்டில் வழக்கு விவரங்களைப் பதிய ஓடும் சிஐஎஸ் மென்பொருளை மத்திய அரசின் கணினி நிறுவனமான என்ஐசி சும்மா கொடுக்கிறது. சும்மா வந்ததைப் பார்த்துக்கொள்ள வெளியிலிருந்து ஆள் எடுத்து மாதாமாதம் பணம் அழுவது வெட்டிச் செலவு’ என்கிறார். கோயில் யானையும் சும்மா வந்ததுதான். பாகனுக்குச் சம்பளம் கொடுக்காமல் விட்டுப் பாருங்கள்.

போன மாதம் எங்கள் கோர்ட்டில் காலை பத்தேகாலுக்கு சர்வர் படுத்துவிட்டது. அன்றைய வழக்குகளின் பட்டியலான காஸ் லிஸ்ட் இல்லை. வாய்தா தேதி கேட்டு வந்த கட்சிக்காரர்கள் வராந்தா முழுக்க நிற்கிறார்கள். சிஸ்டம் பார்க்கும் ஊழியர் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார். பெஞ்ச் கிளார்க் பழையபடி, வாய்தா தேதிகளைக் கையால் எழுதும் ஏ டைரியைப் பிரித்து விரலை எச்சில் தொட்டுப் புரட்டினார். மாலை நாலு மணிக்கு ஒரு பையன் பைக்கில் வந்தான். இருபதே நிமிடம். எல்லாம் சரி. அந்தப் பையன் காலையிலேயே வரும்படி ஒரு ஒப்பந்தம் போடுவதில் என்ன வெட்டிச் செலவு?

பழைய சிரஸ்தார்:
‘ஒருவர்’ என்ன ஒருவர்? எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டுங்கள் வக்கீல் சார். உங்கள் யானைக் கதை இருக்கட்டும். எனக்கு ஒரே ஒரு கேள்வி. பைக்கில் வந்த பையனுக்கு சர்வர் பாஸ்வேர்டைக் கொடுத்தது யார்?

முன்சீப் கோர்ட் வக்கீல்:
அது எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன சர்வர் ரூமிலா உட்கார்ந்திருந்தேன்?

பழைய சிரஸ்தார்:
தெரியாதல்லவா? அதுதான் பிரச்சினையே. 31 வருடம் கோர்ட்டில் சர்வீஸ் போட்டு, ஆபீஸ் ஊழியர்களுக்குத் தலைமையான சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன் நான். 2007-ல் கோர்ட்டுகளைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தின் முதல் கட்டம் தொடங்கியபோது, ‘இந்தப் பெட்டியை எந்தப் பக்கம் ஆன் செய்வது’ என்று கேட்ட ஆட்களுக்கு நடுவே உட்கார்ந்து வழக்குகளை ஏற்றியவன். சிஐஎஸ் புனேயில் என்ஐசி எழுதியது. நாடு முழுவதற்கும் ஒரே மையப் பகுதி. அதைச் சுற்றி ஒவ்வொரு ஐகோர்ட்டும் தன் தேவைக்குச் சேர்த்துக்கொள்ளும் வெளிப்பகுதி. மையத்தில் ஒரு எழுத்தை மாற்றக்கூட உங்கள் பைக் பையனுக்கு அதிகாரம் கிடையாது. அப்புறம் அவனுக்கு எதற்கு பாஸ்வேர்டு?

லினக்ஸ் பையன்:
ஐயா, வணக்கம். அந்தப் பைக் பையன் நானில்லை. ஆனால் நானும் அப்படி ஒரு பைக்கில் மூன்று வருடம் சுற்றியவன், அதனால் சொல்கிறேன். மையப் பகுதியை யாரும் தொடுவதில்லை. பெரும்பாலும் நடப்பது ரொம்பச் சாதாரண விஷயம். தினமும் எடுக்கும் பேக்கப் அதே டிஸ்கில் குவிந்துகொண்டே போகும். ஒருநாள் டிஸ்க் நிரம்பும். வழக்கு விவரங்களைச் சேமிக்கும் போஸ்ட்கிரெஸ் மென்பொருள் எழுத இடம் இல்லாமல் நின்றுவிடும். பழைய பேக்கப்பை வேறு டிஸ்குக்கு மாற்றிவிட்டுத் திரும்பக் கிளப்பினால் ஓடும். இதற்குப் புனேயிலிருந்து யாரும் ரயில் ஏற வேண்டாம். ஆனால் பாஸ்வேர்டு வேண்டும். பூட்டை வெளியே நின்று முறைத்துப் பார்த்தால் கதவு திறக்காது.

பழைய சிரஸ்தார்:
அப்படி வாங்க. பாஸ்வேர்டு வேண்டும் என்று தம்பியே ஒப்புக்கொண்டுவிட்டார்.

லினக்ஸ் பையன்:
ஒப்புக்கொள்ள இதில் என்ன இருக்கிறது? கொத்தனாருக்குக் கரண்டி வேண்டும் என்பதுபோல்தான்.

நகல் பிரிவு:
நான் கோர்ட்டின் நகல் பிரிவில் இன்னும் சர்வீஸில் இருக்கிறேன், அதனால் அளவாகச் சொல்கிறேன். முதலில் ‘வெளி ஆள்’ என்று யாரைச் சொல்கிறீர்கள் என்று முடிவு செய்துகொண்டு சண்டை போடுங்கள். ஐகோர்ட் வேலைக்கு எடுத்த சிஸ்டம் அசிஸ்டென்ட் வெளி ஆளா? ஏஜென்சி மூலம் வருபவர் மட்டுமா? என்ஐசிக்காரர் யார் கணக்கு? இன்னொன்று, எங்களைப் போன்ற ஊழியர்களுக்கு சில நாள் பயிற்சி கொடுத்து ‘இனி நீங்கள்தான் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று சொல்லிவிடுகிறார்கள். நகல் மனு அது பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும், பிரின்டர் கேட்ரிட்ஜ் முதல் சர்வர் வரை எல்லாமும் நாங்களே. கூடுதல் சம்பளம் ஒரு ரூபாய் கிடையாது.

பழைய சிரஸ்தார்:
ஏம்மா, நாங்களும் அப்படித்தான் பார்த்தோம். நாங்கள் யாரிடமும் புலம்பவில்லை. விஷயத்துக்கு வருகிறேன். போக்சோ வழக்கு இருக்கிறது. குழந்தையின் பெயர் வெளியே போகக் கூடாது என்பது சட்டம். குடும்ப நீதிமன்ற வழக்கு இருக்கிறது. இதெல்லாம் அந்த சர்வருக்குள்தான். ஏஜென்சி ஆள் இன்றைக்கு இங்கே, நாளைக்கு வேறு கம்பெனியில். பாஸ்வேர்டு அவனோடு போகுமா, போகாதா?

முன்சீப் கோர்ட் வக்கீல்:
வழக்கு நிலவரம், உத்தரவு எல்லாம் இ-கோர்ட்ஸ் ஆப்பில் ஊரே பார்க்கிறது. தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பை 2015-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். எத்தனை வழக்கு எத்தனை வருடமாகத் தூங்குகிறது என்று டீக்கடையிலேயே பார்க்கலாம். இதில் என்ன ராணுவ ரகசியம்?

பழைய சிரஸ்தார்:
நான் போக்சோ என்றேன். நீங்கள் டீக்கடை என்கிறீர்கள்.

லினக்ஸ் பையன்:
ஐயா, பாஸ்வேர்டு கொடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வருகிற ஆளுக்குத் தனி லாகின். எந்த வேலைக்கு வந்தாரோ அதற்கு மட்டும் அனுமதி. எப்போது நுழைந்தார், என்ன கமாண்ட் கொடுத்தார் என்பது பதிவாகும். வேலை முடிந்ததும் லாகினை மூடிவிடலாம். அரசுத் தளங்களுக்குப் பாதுகாப்புத் தணிக்கை செய்பவர்களிலேயே மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பட்டியலில் உள்ள தனியார் கம்பெனிகள் ஏராளம். அவர்களும் வெளி ஆட்கள்தானே?

பழைய சிரஸ்தார்:
தணிக்கை வேறு, பாஸ்வேர்டு வேறு. ஆடிட்டர் கணக்கைப் பார்ப்பார், கல்லாச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு போகமாட்டார்.

கலிபோர்னியா மாப்பிள்ளை:
இங்கே கதையைக் கேளுங்கள். கலிபோர்னியா மாநிலக் கோர்ட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே வழக்கு மேலாண்மை மென்பொருள் என்று ஆரம்பித்தார்கள். எழுதித் தரும் வேலை டெலாய்ட்டிடம் போனது. மொத்தச் செலவு 190 கோடி டாலரைத் தொடும் என்று மாநிலத் தணிக்கையாளர் 2011-ல் அறிக்கை கொடுத்தார். சுமார் 50 கோடி டாலர் கரைந்த பிறகு 2012-ல் திட்டத்தையே கைவிட்டார்கள். அதே மாநிலத்தில் அலமேடா கவுன்டி 2016 ஆகஸ்ட்டில் டைலர் நிறுவனத்தின் ஒடிஸி மென்பொருளுக்கு மாறியது. பதிவு செய்ய முன்பைவிட அதிக கிளிக். ஊழியர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. ரத்தான வாரண்ட் கணினியில் ரத்தாகாமலே கிடந்ததால் சிலரைத் தவறாகக் கைது செய்தார்கள். அரசுத் தரப்பில் ஏழைகளுக்கு வாதாடும் வக்கீல்களே கோர்ட்டுக்குப் போனார்கள். நீங்கள் என்னடாவென்றால் ஒரு பாஸ்வேர்டுக்கு மல்லுக்கட்டுகிறீர்கள்.

பழைய சிரஸ்தார்:
நன்றி மாப்பிள்ளை. வெளி ஆளிடம் விட்டால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

கலிபோர்னியா மாப்பிள்ளை:
நான் அதையா சொன்னேன்? அலமேடாவில் பிரச்சினை ஊழியர்களுக்குப் பக்கத்தில் நின்று உதவ போதுமான ஆள் இல்லாதது.

பழைய சிரஸ்தார்:
அலமேடாவில் பாஸ்வேர்டு யாரிடம் இருந்தது?

கலிபோர்னியா மாப்பிள்ளை:
ஆளை விடுங்கள் சார்.

முன்சீப் கோர்ட் வக்கீல்:
ஒன்று நினைவுக்கு வருகிறது. சிரஸ்தார் ஐயா பாஸ்வேர்டைப் பற்றி இவ்வளவு பேசுவதால் சொல்கிறேன். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். ஒரு கோர்ட் ஆபீஸில் தினசரி காலண்டரின் அட்டைக்குப் பின்னால் பேனாவில் பெரிதாக எழுதியிருந்தது. தேதி கிழிக்கிற எல்லோர் கண்ணிலும் படும். அப்போது அந்த ஆபீஸில் சிரஸ்தாராக இருந்தவர் யார் என்று அவருக்கே தெரியும்.

பழைய சிரஸ்தார்:
அது வைஃபை பாஸ்வேர்டு.

முன்சீப் கோர்ட் வக்கீல்:
மேலே ‘சர்வர்’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது.

பழைய சிரஸ்தார்:
வைஃபைக்கும் சர்வர் உண்டு. தெரியாததைப் பேசாதீர்கள். போன வருடம் ஸ்கேனர் விவாதத்திலும் இப்படித்தான், பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக எழுதினீர்கள். நான் பதில் எழுதியதும் இரண்டு மாதம் ஆளையே காணோம்.

முன்சீப் கோர்ட் வக்கீல்:
எனக்கு வழக்கு இருந்தது. ஓய்வு பெற்றவர்களுக்கு நேரம் நிறைய.

லினக்ஸ் பையன்:
காலண்டருக்குப் பின்னால் எழுதி வைக்கலாம், எனக்குத் தனி லாகின் கொடுக்கக் கூடாது. நல்ல நியாயம்.

பழைய சிரஸ்தார்:
தம்பி, காலண்டர் கோர்ட்டுக்குள் இருந்தது. நீங்கள் வெளியே இருந்தீர்கள். அதுதான் வித்தியாசம். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை வைத்து ஒரு வழக்கை உடனே எடுக்கத் தெரியுமா உங்களுக்கு? கோர்ட் வேலை தெரிந்தவனுக்குக் கணினி கற்றுக்கொடுக்கலாம். கணினி தெரிந்தவனுக்குக் கோர்ட் வேலை கற்றுக்கொடுக்க ஒரு தலைமுறை ஆகும்.

லினக்ஸ் பையன்:
16 இலக்கம் இல்லை ஐயா, எழுத்தும் எண்ணும் சேர்ந்து 16 இடம். மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, மாவட்டத்துக்கு இரண்டு, அந்தக் கோர்ட்டுக்கு இரண்டு இடம், பிறகு ஆறு இலக்க வரிசை எண், கடைசியில் வருடம். கற்றுக்கொள்ள எனக்கு ஒரு தலைமுறை ஆகவில்லை, ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆனது.

பழைய சிரஸ்தார்:
இலக்கம் என்றால் இடம் என்றும் பொருள் உண்டு.

நகல் பிரிவு:
சார், இலக்கம் என்றால் எண்தான். நகல் மனுவில் இந்தக் குழப்பத்தை வைத்துத்தான் தினமும் திருப்பி அனுப்புகிறோம். சரி, என் முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. வெளி ஆள் என்பது யார்?

லினக்ஸ் பையன்:
ஏஜென்சி பேச்சு வந்ததால் சொல்கிறேன். கோர்ட் எனக்காக ஏஜென்சிக்குக் கொடுத்தது ஒரு தொகை, என் கைக்கு வந்தது வேறு தொகை. பிஎஃப் பிடித்ததாகச் சீட்டில் இருக்கும், கணக்கில் இருக்காது. பெட்ரோல் என் காசு. மூன்று தாலுகா. ஞாயிற்றுக்கிழமை மின்சாரம் போய் யுபிஎஸ் இறங்கினால் திங்கள் காலை ஏழு மணிக்கு போன். அரசுக் கொள்முதல் தளமான ஜெம் போர்ட்டலில் யார் குறைவாகக் கேட்கிறார்களோ அவர்களுக்கே ஆள் அனுப்பும் ஒப்பந்தம் போகும். அந்தக் குறைவு எங்கள் வயிற்றிலிருந்து எடுக்கிற குறைவு. இதைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதமாட்டீர்கள்.

முன்சீப் கோர்ட் வக்கீல்:
நான் எழுதுகிறேன் தம்பி. இ-கோர்ட்ஸ் மூன்றாம் கட்டத்துக்கு 2023-ல் ஒதுக்கியது 7,210 கோடி ரூபாய். இரண்டாம் கட்டம் 1,670 கோடிதான். பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஐகோர்ட்டே நேரடியாக நிரந்தரப் பணியில் எடுக்கட்டும்.

பழைய சிரஸ்தார்:
பார்த்தீர்களா, வக்கீல் சாரே என் பக்கம் வந்துவிட்டார். நிரந்தரப் பணி என்றால் உள் ஆள்.

முன்சீப் கோர்ட் வக்கீல்:
நான் யார் பக்கமும் வரவில்லை. நிரந்தர ஆள் எடுக்கும் வரை யார் பார்ப்பது? நீங்களா?

பழைய சிரஸ்தார்:
கூப்பிட்டால் வருவேன். பைசா வேண்டாம்.

லினக்ஸ் பையன்:
நீங்களும் இப்போது வெளி ஆள்தான் ஐயா. ஓய்வு பெற்றாயிற்று. பாஸ்வேர்டு யார் கொடுப்பார்கள்?

பழைய சிரஸ்தார்:
எனக்கு யாரும் கொடுக்க வேண்டாம். எனக்குத் தெரியும்.

நகல் பிரிவு:
சார்! இன்னுமா அதே பாஸ்வேர்டு?

பழைய சிரஸ்தார்:
அதை நான் இங்கே சொல்லமாட்டேன். வெளி ஆட்கள் படிக்கிறார்கள்.

முன்சீப் கோர்ட் வக்கீல்:
இதற்குமேல் என்னத்தைச் சொல்ல. நாளைக்கு எனக்கு மூன்று வாய்தா இருக்கிறது. ஆப்பில் ஒன்றுதான் காட்டுகிறது.

பழைய சிரஸ்தார்:
அது சர்வர் பிரச்சினை இல்லை. பெஞ்ச் கிளார்க் அடுத்த தேதியை ஏற்றியிருக்கமாட்டார். முதலில் அந்தப் பைக் பையனுக்குப் பாஸ்வேர்டு கொடுத்தது யார் என்று கேட்டுச் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.