அரசு முகமையின் மனிதவளச் சேவைகளை மீளாய்வு செய்தல்: எதை முதலில் அளப்பது?

கேள்வி:

வணக்கம். நான் பணிபுரியும் அரசு முகமையில் மனிதவளச் சேவைகள் வழங்கப்படும் முறையை மீளாய்வு செய்யும் உள்குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். பணி நியமனம், ஊதிய நிர்ணயம், விடுப்பு, பதவி உயர்வு, ஓய்வூதிய முன்மொழிவு ஆகியவற்றில் ஒரு பகுதியைத் தலைமை அலுவலகமும் மறு பகுதியை மண்டல அலுவலகங்களும் கவனிக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே சேவை மையத்தின் கீழ்க் கொண்டுவந்துவிடலாம் என்ற எண்ணம் மேலிடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. பெரும்பாலான பணிகள் உரிய காலத்தில் முடிவதாக மனிதவளப் பிரிவு அறிக்கை தருகிறது. பிற பிரிவுகளின் அலுவலர்களோ இதற்கு நேர்மாறாகச் சொல்கிறார்கள். இரு தரப்பும் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. இந்த முரண்பாட்டை எப்படி அணுகுவது, எதை முதலில் அளப்பது என அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1:

தாங்கள் ஊகித்தது சரியே. இரு தரப்பும் உண்மையைத்தான் சொல்கின்றன, ஆனால் நாள் கணக்கை வெவ்வேறு இடத்திலிருந்து தொடங்குகின்றன. பணி நியமனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வெளியான நாளிலிருந்து மனிதவளப் பிரிவு எண்ணும்; பணியிடம் காலியான நாளிலிருந்து பிரிவு அலுவலர் எண்ணுவார். அமெரிக்கக் கூட்டரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகம் நியமனத்துக்கு 80 நாள் இலக்கை வகுத்தபோது, பணியிடம் தேவை என்று உறுதிசெய்வதில் தொடங்கி, தேர்வானவர் பணியில் சேரும் நாள் வரை முழுவதையும் அதற்குள் கொண்டுவந்தது. இலக்கு எட்டப்பட்டதா என்பது வேறு விஷயம். எதிலிருந்து எதுவரை என்று வரையறுத்ததுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

எனவே அமைப்பு வரைபடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, நான்கைந்து சேவைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் சில கோப்புகளைப் பின்தொடருங்கள். விண்ணப்பம் வந்த நாள், ஒவ்வொரு மேசையிலும் அது நுழைந்த நாள், வெளியேறிய நாள், விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டே வந்தால், உண்மையில் வேலை நடந்த நேரம் சில மணிகளாகவும், கோப்பு சும்மா கிடந்த காலம் வாரக்கணக்காகவும் இருப்பது பெரும்பாலும் தெரியவரும். அந்தக் காத்திருப்பில் கணிசமான பங்கு மனிதவளப் பிரிவுக்கு வெளியே, நிதிப் பிரிவின் ஒப்புதலுக்காகவோ உயரலுவலரின் கையொப்பத்துக்காகவோ கழிந்திருக்கவும் கூடும்.

இன்னொன்று: முடிந்த கோப்புகளை மட்டும் வைத்துச் சராசரி காணாதீர்கள். மிகவும் தாமதமானவை இன்னும் முடிந்திருக்காது; அவை கணக்கிலேயே வராது. நிலுவையில் உள்ளவற்றின் வயதைத் தனியாகப் பட்டியலிடுங்கள்.

மறுமொழி 2:

ஒரே மையம் என்ற யோசனையைப் பற்றிச் சொல்கிறேன். ஊதியம், விடுப்பு போன்ற வழக்கமான பணிகளைப் பொது மையத்துக்கு மாற்றி, கொள்கை சார்ந்தவற்றை வல்லுநர்களிடமும், ஆலோசனையைப் பிரிவுகளுடன் இணைந்து செயல்படும் மனிதவள அலுவலர்களிடமும் விடுவது, அமெரிக்க மேலாண்மைப் பேராசிரியர் டேவ் உல்ரிச் 1990களில் முன்வைத்த கருத்துகளைத் தழுவிப் பரவிய மாதிரி. அதில் தவறில்லை, அவசரத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

கனடா கூட்டரசின் ஃபீனிக்ஸ் ஊதிய அமைப்பைப் பார்க்கலாம். 46 துறைகளிலும் முகமைகளிலும் இருந்த சுமார் 1,200 ஊதிய ஆலோசகர் பணியிடங்களை நீக்கிவிட்டு, மிராமிச்சி நகரில் சுமார் 460 ஆலோசகர்களையும் 90 துணைப் பணியாளர்களையும் கொண்ட மையத்தை அமைத்தார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 7 கோடி கனடா டாலர் மிச்சமாகும் என்பது கணக்கு. 2016 பிப்ரவரியில் ஃபீனிக்ஸ் என்ற அந்தப் புதிய மென்பொருள் நடைமுறைக்கு வந்தபின், ஊதியம் குறைவாகவும் கூடுதலாகவும் போனதோடு சிலருக்குக் கிடைக்காமலும் போனது. மென்பொருளின் குறைகள் ஒருபுறம் இருக்க, அந்தந்தத் துறையின் விதிவிலக்குகளை அறிந்து, தவறுகளை ஊதியம் போகுமுன்பே கையால் திருத்திவந்த அனுபவசாலிகள் இல்லாமல் போனதும் நெருக்கடியை வளர்த்தது.

ஆகவே, மையப்படுத்தினால் எவ்வளவு மிச்சம் என்று கணக்கிடுமுன், பதவிப்பெயரில் மனிதவளம் என்ற சொல்லே இல்லாமல் மண்டல அலுவலகங்களில் பணிப்பதிவேடு எழுதுவோர், விடுப்புக் கணக்குப் பார்ப்போர், ஊதியப் பட்டியலைச் சரிபார்ப்போர் எல்லாரையும் எண்ணுங்கள். அவர்கள் செய்யும் வேலை எந்த அறிக்கையிலும் இருக்காது.

மறுமொழி 3:

மேலே உள்ளவற்றை ஏற்கிறேன். ஆனால் எல்லாச் சேவைகளையும் நாள்களால் மட்டும் அளப்பதை ஏற்க இயலவில்லை. அரசு முகமையின் மனிதவளப் பிரிவு சேவை வழங்குவதோடு, விதிகளைக் காக்கவும் கடமைப்பட்டது. தகுதி அடிப்படையிலான தேர்வு, முதுநிலைப் பட்டியல், ஒழுங்கு நடவடிக்கை போன்றவற்றில், ஓர் அலுவலர் கேட்டதை உடனே செய்துகொடுப்பது சில வேளைகளில் தவறான செயலாகவே முடியும். இவற்றை மேல்முறையீட்டில் எத்தனை ஆணைகள் ரத்தாகின்றன, எத்தனை திருத்தி வெளியிடப்படுகின்றன என்பதைக் கொண்டு மதிப்பிடுவதே பொருத்தம்.

தாமதத்தை ஆராயும்போதும் ஒவ்வொரு படிநிலைக்கும் நேராக, அதைக் கட்டாயமாக்கும் விதி எது என்று எழுதச் சொல்லுங்கள். எப்போதோ நேர்ந்த ஒரு முறைகேட்டுக்குப் பின் சேர்க்கப்பட்டு, காரணம் மறந்த பின்னும் தொடரும் கையொப்பங்கள் அப்போது வெளிப்படும். சட்டப்படி வேண்டியவற்றை எவரும் தவறுதலாக நீக்கிவிடாமலும் இருக்கும்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. ஒரு சிறு ஐயம். ஊழியர்களின் மனநிறைவை அறிய ஆண்டுதோறும் கருத்தாய்வு நடத்துகிறோம். அதைச் சான்றாகக் கொள்ளலாமா?

மறுமொழி 1:

தனித்துக் கொள்ள வேண்டாம். பொதுவாகக் கேட்டால், பதவி உயர்வு கிடைக்காத வருத்தமும் மனிதவளப் பிரிவின் கணக்கில் சேர்ந்துவிடும். கடைசியாக எந்தச் சேவைக்கு விண்ணப்பித்தீர்கள், நிலையை அறிய எத்தனை முறை விசாரிக்க நேர்ந்தது, ஒரே ஆவணத்தை மீண்டும் கேட்டார்களா என்று நடந்ததைக் கேளுங்கள். விடைகளைத் தாங்கள் பின்தொடர்ந்த கோப்புகளோடு ஒப்பிடலாம். மண்டல அலுவலகங்களின் விடைகளைத் தலைமை அலுவலகத்தோடு கலக்காமல் தனியே வையுங்கள். ஒரே மையம் வேண்டுமா என்ற முடிவுக்கு அந்த வேறுபாடுதான் அதிகம் பயன்படும்.